பிலிப் பினெல்: மனநோயாளிகளின் சங்கிலிகள் அகன்ற வரலாறு

மனநோய்க்கு ஆளானவரைச் சங்கிலியால் பிணைப்பது சிகிச்சையாகாது என்பது இன்று மருத்துவமும் சட்டமும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட முடிவாகும். இம்முடிவை எட்ட மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த நெடும்பயணத்தின் தொடக்கத்தில் நிற்பவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு மருத்துவர் பிலிப் பினெல். அவருடைய வாழ்க்கையும், அவருடன் பணியாற்றிய மருத்துவர் அல்லாத இருவரின் பணியும் இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன. வீட்டில் ஒருவர் மனநோயால் துன்புறும்போது குடும்பத்தினர் எதனைச் செய்யலாம், எதனைத் தவிர்க்க வேண்டும், யாரிடம் உதவி பெறலாம் என்பவற்றை அறிய இவ்வரலாறு துணைபுரியும்.

இளமையும் கல்வியும்

பினெல் 1745ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிரான்சின் தென்பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தை சிற்றூர் ஒன்றில் அறுவை மருத்துவராகத் தொழில் புரிந்தவர். பினெல் முதலில் சமயக் கல்வி பயின்றார். பின்னர் மருத்துவத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1773இல் துலூஸ் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன் பின் மருத்துவக் கல்விக்குப் புகழ்பெற்ற மோன்பெலியே நகரில் சில ஆண்டுகள் தங்கிப் பயின்றார்.

1778இல் அவர் பாரிசு நகருக்குச் சென்றார். துலூஸ் பட்டத்தைப் பாரிசு மருத்துவப் பேராயம் ஏற்காததால் அங்கு அவரால் முறைப்படி மருத்துவத் தொழில் செய்ய இயலவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் கணிதம் கற்பித்தும், மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், மருத்துவ இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தும் வாழ்க்கை நடத்தினார். பட்டம் பெற்ற மருத்துவராக இருந்தும் நோயாளியின் அருகில் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

நண்பரின் நோய்

இக்காலத்தில் அவருடைய நண்பர் ஒருவர் மனநோய்க்கு ஆளானார். தொடக்கத்தில் சோர்வாகத் தோன்றிய நோய் நாளடைவில் கடும் கொந்தளிப்பாக மாறியது. உரிய சிகிச்சை கிடைக்காத நிலையில் அந்நண்பர் உயிரிழந்தார். இந்த இழப்பு பினெலை ஆழமாகப் பாதித்தது. மனநோய் ஏன் தோன்றுகிறது, எவ்வாறு வளர்கிறது, எந்தக் கட்டத்தில் அதனைத் தடுத்திருக்கலாம் என்னும் வினாக்கள் அவர் உள்ளத்தில் நிலைகொண்டன. பாரிசிலிருந்த தனியார் மனநோய் இல்லம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றி, நோயாளிகளை உற்றுநோக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் மனநோயாளிகளுக்குப் பொதுவாக அளிக்கப்பட்ட சிகிச்சை கடுமையானது. நரம்பைக் கீறி இரத்தத்தை வெளியேற்றுதல், பேதி மருந்து கொடுத்தல், குளிர்நீரில் அமிழ்த்துதல் ஆகியவை வழக்கில் இருந்தன. இவற்றால் குணமடையாதவர்கள் தீராத நோயாளிகள் எனக் கருதப்பட்டனர். ஆண்கள் பிசேத்ர் என்னும் நிறுவனத்திற்கும், பெண்கள் சல்பேத்ரியேர் என்னும் நிறுவனத்திற்கும் அனுப்பப்பட்டனர். அங்கு அவர்களுள் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டனர்.

பிசேத்ரில் பினெல்

பிரெஞ்சுப் புரட்சி பழைய கட்டுப்பாடுகள் பலவற்றை நீக்கியது. அதன் பயனாக, 1793ஆம் ஆண்டு தம் 48ஆம் வயதில், பினெல் பிசேத்ர் நிறுவனத்தின் மருத்துவராக அமர்த்தப்பட்டார். பிசேத்ர் அப்போது மருத்துவமனையாகவும் சிறையாகவும் முதியோர் இல்லமாகவும் ஒருங்கே இயங்கியது. ஏறத்தாழ 4,000 ஆண்கள் அங்கு இருந்தனர். அவர்களுள் மனநோயாளிகள் ஏறத்தாழ 200 பேர்.

பினெல் நோயாளிகளிடம் நாள்தோறும் சென்று உரையாடினார். நோய் எப்போது தொடங்கியது, அதற்கு முன் வாழ்வில் என்ன நிகழ்ந்தது, எந்நேரத்தில் துன்பம் கூடுகிறது, எந்நேரத்தில் குறைகிறது என்பவற்றைக் குறித்துவைத்தார். மனநோயாளியிடம் அறிவு முழுவதும் அழிந்துவிடுவதில்லை என்பதையும், பலருக்கு நோய் விட்டுவிட்டு வருகிறது என்பதையும், இடைப்பட்ட காலத்தில் அவர்கள் தெளிவாக இருக்கின்றனர் என்பதையும் அவர் கண்டார். நோயாளியிடம் எஞ்சியிருக்கும் தெளிவுடன் பேசுவதே சிகிச்சையின் தொடக்கம் என்னும் முடிவுக்கு வந்தார். 1794ஆம் ஆண்டு இறுதியில் இக்கருத்துகளைப் பாரிசு அறிஞர் அவையில் கட்டுரையாகப் படித்தார்.

புசேன் இணையர்

பினெலின் வரலாற்றில் இருவருடைய பெயர்கள் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. ஒருவர் பிசேத்ரில் மனநோயாளர் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்த ழான் பத்தீஸ்த் புசேன். மற்றவர் அவருடைய மனைவி மார்கரீத்.

புசேன் தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை என்னும் கழுத்துக்கட்டி நோய்க்குச் சிகிச்சை பெறுவதற்காக 1771இல் பிசேத்ருக்கு வந்தவர். நோய் குணமான பின் அங்கேயே பணியில் சேர்ந்து, 1780களின் நடுப்பகுதியில் மனநோயாளர் பிரிவின் பொறுப்பை ஏற்றார். மருத்துவக் கல்வி பயிலாத அவர், இரவும் பகலும் நோயாளிகளுடனேயே வாழ்ந்தவர். பணியாளர்கள் நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். அதனை மீறியவர்களைப் பணியிலிருந்து நீக்கினார். நோயிலிருந்து தேறியவர்களையே பணியாளர்களாகச் சேர்த்தார். துன்பத்தை அறிந்தவர்கள் துன்புறுவோரிடம் கடுமை காட்டமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். மார்கரீத், கொந்தளிப்பில் இருக்கும் நோயாளியையும் அமைதிப்படுத்தி உணவு உண்ணச் செய்யும் ஆற்றல் பெற்றிருந்தார்.

பினெல் பட்டம் பெற்ற மருத்துவர். புசேன் எளிய பணியாளர். எனினும் பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. புசேனின் செய்முறைகளை உற்றுநோக்கினார். அவருடைய குறிப்புகளைக் கேட்டுப் பெற்றார். தம் நூலில் அவருடைய பங்களிப்பை வெளிப்படையாகப் பதிவுசெய்தார். நோயாளியுடன் நெடுநேரம் இருப்பவருக்கே நோயாளியைப் பற்றி மிகுதியாகத் தெரியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சங்கிலிகள் அகன்ற ஆண்டு

பினெல் தம் கையாலேயே பிசேத்ர் நோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றினார் என்று பலகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஓவியங்களும் இக்காட்சியைத் தீட்டியுள்ளன. ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் கண்ட உண்மை வேறு. பினெல் 1795இல் பிசேத்ரை விட்டுச் சல்பேத்ரியேர் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். பிசேத்ரில் சங்கிலிகளை முற்றிலும் நீக்கியவர் புசேன், ஆண்டு 1797. சங்கிலிக்கு மாற்றாக, கைகளை மட்டும் கட்டுப்படுத்தும் துணிச்சட்டையைத் தேவையான நேரங்களில் மட்டும் அவர் பயன்படுத்தினார்.

சல்பேத்ரியேரில் முதியோர், ஆதரவற்றோர், நோயாளிகள் எனப் பல ஆயிரம் பெண்கள் இருந்தனர். அங்கும் சில ஆண்டுகளில் சங்கிலிகள் நீங்கின. புசேனைத் தம்மிடம் அனுப்புமாறு பினெல் அதிகாரிகளிடம் மீண்டும் மீண்டும் வேண்டினார். 1802இல் அவ்வேண்டுகோள் நிறைவேறியது. 1811இல் புசேன் இறக்கும்வரை இருவரும் சேர்ந்து பணியாற்றினர்.

பினெலின் பெருமை இதனால் குறைவதில்லை. ஒரு பணியாளரின் நற்செயலை மருத்துவ அறிவாக மாற்றி, நூலாக எழுதி, மாணவர்களுக்குக் கற்பித்து, உலகம் பின்பற்றும் வழிமுறையாக்கியவர் அவரே.

மனத்தின் வழிச் சிகிச்சை

1801இல் வெளிவந்த பினெலின் மனநோய் குறித்த நூல் விரைவில் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் மொழிபெயர்க்கப்பட்டது. அந்நூலில் அவர் விளக்கிய முறையை மனத்தின் வழிச் சிகிச்சை எனலாம். அதன் கூறுகள் வருமாறு:

- நோயாளியை அச்சுறுத்தாமல், அவர் கூறுவதைப் பொறுமையாகக் கேட்டல்
- நோயின் தன்மைக்கு ஏற்ப நோயாளிகளைத் தனித்தனிப் பிரிவுகளில் வைத்தல்
- போதிய உணவு, தூய்மை, வெளிச்சம், காற்று ஆகியவற்றை உறுதிசெய்தல்
- ஒழுங்கான அன்றாட நடைமுறையும், ஆற்றலுக்கு ஏற்ற வேலையும் அளித்தல்
- இரத்தத்தை வெளியேற்றுதல் போன்ற தீங்கு தரும் முறைகளைத் தவிர்த்தல்
- தேறியவரை உரிய காலத்தில் வீட்டிற்கு அனுப்புதல்

புரட்சிக் காலத்தில் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டபோது பிசேத்ரில் இறப்புகள் கூடியதையும் அவர் பதிவுசெய்தார். அடிப்படைத் தேவைகள் நிறைவேறாத இடத்தில் எந்தச் சிகிச்சையும் பயன் தராது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

பின்னாளில் சல்பேத்ரியேரில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் கணக்கையும் அவர் வெளியிட்டார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் சேர்க்கப்பட்டவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் குணமடைந்ததாக அக்கணக்கு காட்டியது. அன்றைய அளவுகோல் இன்றைய அளவுகோலுடன் ஒப்பிடத்தக்கதன்று. எனினும், தீராத நோயாளிகள் எனத் தள்ளப்பட்டவர்கள் வீடு திரும்ப முடியும் என்பதை எண்ணிக்கையால் காட்ட முற்பட்டது பெரிய மாற்றமாகும்.

தையற்காரரின் கதை

பினெல் விவரித்த நோயாளிகளுள் ஒருவர் பாரிசைச் சேர்ந்த தையற்காரர். புரட்சிக் காலத்தில் மன்னருக்கு விதிக்கப்பட்ட தண்டனை குறித்துக் கடையில் ஏதோ கருத்துரைத்தார். அதனால் தமக்கும் மரண தண்டனை விதிக்கப்படும் என்னும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. உறக்கமும் உணவும் இழந்து பிசேத்ருக்கு வந்து சேர்ந்தார்.

பினெல் அவருக்கு மற்ற நோயாளிகளின் ஆடைகளைத் தைக்கும் வேலையைக் கொடுத்தார். பழகிய தொழில் கைக்கு வந்ததும் அவர் தேறத் தொடங்கினார். சில மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்கியது. இம்முறை பினெல் வேறொரு வழியை முயன்றார். இளம் மருத்துவர்களை நீதிபதிகளைப் போல் அமரச் செய்து, போலி விசாரணை நடத்தி, தையற்காரர் குற்றமற்றவர் என்று அறிவிக்கச் செய்தார். அவருடைய அச்சம் நீங்கியது. ஆனால் அந்த விசாரணை நாடகமே என்று பின்னர் யாரோ அவரிடம் கூறிவிட, நோய் மீண்டும் பற்றியது.

இதில் பராமரிப்பாளர்கள் அறிய வேண்டியது உண்டு. நோயாளியின் தவறான நம்பிக்கையை நீக்க அவரை ஏமாற்றுதல் நிலையான பயன் தராது. உணவில் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பதும், வேறு இடத்திற்குச் செல்வதாகக் கூறி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் இத்தகையனவே. உண்மை வெளிப்படும் நாளில் குடும்பத்தின் மீதும் மருத்துவத்தின் மீதும் உள்ள நம்பிக்கை குலைகிறது. அதே நோயாளிக்கு, தெரிந்த தொழிலை மீண்டும் செய்யக் கிடைத்த வாய்ப்பு நன்மை தந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அவர் முறையின் எல்லைகள்

பினெலின் முறையில் இன்று ஏற்க இயலாதவையும் இருந்தன. நோயாளியை அடிப்பதை அவர் எதிர்த்தார். ஆயினும் பணியாளர்கள் பலர் திரண்டு நின்று பணியச் செய்வதையும், துணிச்சட்டையால் கட்டுப்படுத்துவதையும் ஏற்றுக்கொண்டார். நோயாளியின் ஒப்புதலைப் பெறுதல் என்னும் கருத்து அக்காலத்தில் வேரூன்றவில்லை.

மேலும், கடும் மனநோய்க்குப் பயனுள்ள மருந்து எதுவும் அவரிடம் இல்லை. குளோர்புரோமசின் என்னும் மருந்து 1952இல் பாரிசு மருத்துவமனை ஒன்றில் மனநோய்ச் சிகிச்சையில் பயன்பாட்டிற்கு வந்த பின்னரே, மாயக்குரல்களையும் கடும் ஐயங்களையும் மருந்தால் தணிக்கும் நிலை உருவானது. ஆகவே, அன்பு இருந்தால் மருந்து தேவையில்லை என்று பினெலின் வரலாற்றிலிருந்து முடிவு செய்தல் தவறாகும். மருந்தும் மதிப்பான நடத்துகையும் இணையும்போதே சிகிச்சை முழுமை பெறுகிறது.

இறுதி ஆண்டுகள்

பினெல் பாரிசு மருத்துவக் கல்விக்கூடத்தில் பேராசிரியராகவும் விளங்கினார். 1822இல் அரசியல் காரணங்களால் அக்கல்விக்கூடம் கலைக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்பட்டபோது அவர் பேராசிரியர் பதவியை இழந்தார். சல்பேத்ரியேர் பணியை மட்டும் விடாது தொடர்ந்தார். 1826ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் காலமானார். அவருடைய மாணவர் எஸ்கிரோல் அப்பணியை முன்னெடுத்தார். பிரான்சில் மாவட்டந்தோறும் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை வசதி வேண்டும் என்று விதித்த 1838ஆம் ஆண்டுச் சட்டம் எஸ்கிரோலின் முயற்சியால் உருவானது.

நம் மண்ணில் சங்கிலி

பினெல் தம் கட்டுரையைப் படித்த அதே 1794ஆம் ஆண்டில், சென்னையிலும் மனநோயாளிகளுக்கான இல்லம் தொடங்கப்பட்டது. இன்று கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. நம்மிடையேயும் மனநலச் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. எனினும் சங்கிலி நம்மை விட்டு எளிதில் நீங்கவில்லை.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களைக் குடும்பத்தினர் வெறுப்பினால் அங்கு விடவில்லை; பெரும்பாலோர் குணமடைவார்கள் என்னும் நம்பிக்கையில்தான் விட்டுச் சென்றனர். பிசேத்ரில் சங்கிலிகள் நீங்கி 200 ஆண்டுகள் கடந்த பின்னர் நிகழ்ந்த இத்துயரம் நாட்டையே உலுக்கியது. அத்தகைய கொட்டகைகள் மூடப்பட்டன. ஏர்வாடி தர்காவிற்கு வருவோர் வழிபாட்டுடன் மருத்துவமும் பெறும் வகையில் அரசின் மனநலச் சேவை பின்னர் அங்கேயே ஏற்படுத்தப்பட்டது. வழிபாட்டைக் கைவிட வேண்டியதில்லை. சிகிச்சையை நிறுத்தாதிருப்பதே முக்கியம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. தனியறையில் அடைத்துவைப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல நிறுவனத்தில், மனநல மருத்துவரின் பொறுப்பில், குறைந்த நேரத்திற்கு உடலைக் கட்டுப்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. அதனைத் தண்டனையாகவோ, பணியாளர் பற்றாக்குறையை ஈடுசெய்யவோ பயன்படுத்தக் கூடாது.

இன்று உதவும் கைகள்

பினெல், புசேன், மார்கரீத் மூவரும் சேர்ந்து செய்த பணியை இன்று பயிற்சி பெற்ற பலர் பகிர்ந்து செய்கின்றனர்.

- மனநல மருத்துவர்: நோயைக் கண்டறிந்து, மருந்துகளைத் தீர்மானித்து, பக்கவிளைவுகளைக் கண்காணிப்பவர்.
- மருத்துவ உளவியலாளர்: உளவியல் பரிசோதனைகளையும் உரையாடல் வழிச் சிகிச்சையையும் மேற்கொள்பவர்.
- மனநலச் சமூகப் பணியாளர்: குடும்பச் சூழலை அறிந்து, வேலை, நலத்திட்டங்கள், மறுவாழ்வு ஆகியவற்றுக்கு வழிகாட்டுபவர்.
- மனநலச் செவிலியரும் உதவியாளரும்: நோயாளியின் அருகில் மிகுந்த நேரம் இருந்து, அன்றாட மாற்றங்களைக் கவனிப்பவர்கள்.
- குடும்பத்தினரும் நோயிலிருந்து தேறியவர்களும்: நோயாளியின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். இவர்கள் தரும் தகவல் சிகிச்சைக்கு இன்றியமையாதது.

மருத்துவரிடம் செல்லும்போது, உறக்கம், உணவு, பேச்சு, நடத்தை ஆகியவற்றில் கண்ட மாற்றங்களைத் தேதியுடன் குறித்து எடுத்துச் செல்லுங்கள். புசேனின் குறிப்புகள் பினெலுக்குப் பயன்பட்டதுபோல், உங்கள் குறிப்பும் மருத்துவருக்குப் பயன்படும்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

வீட்டில் ஒருவரைக் கட்டிவைக்கும் அல்லது பூட்டிவைக்கும் நிலைக்குக் குடும்பங்கள் பெரும்பாலும் அச்சத்தாலும் களைப்பாலுமே தள்ளப்படுகின்றன. அவர் வெளியே ஓடிவிடுவாரோ, தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்வாரோ என்னும் கவலை உண்மையானது. அந்நிலையில் உங்களுக்கும் உதவி தேவை என்பதே பொருள். உதவி கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. இதுவரை கட்டிவைத்திருந்தாலும், அதனை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். அதிலிருந்து மீளும் வழியை அவர் உங்களுடன் சேர்ந்து வகுப்பார்.

நோயாளி தேறியதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். நோயைப் பற்றி அவரிடமே வெளிப்படையாகப் பேசுங்கள். அவரால் இயன்ற வேலையை அவருக்கு மறுக்காதீர்கள். பராமரிக்கும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரே முழுவதும் சுமக்காமல் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவைகள் குறித்து அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டறியலாம். டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே தொடர்புகொள்ளலாம். தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் 108 ஆம்புலன்சை உடனே அழைக்க வேண்டும்.